கடலைக் குடித்தவன் எழுதிக்கொள்வது

பெரிய டீச்சர் அவர்களுக்கு,

வானம் சாட்சியாக, பூமி சாட்சியாக, என் கொல்லையில் நிற்கும் ஒற்றை வேப்பமரம் சாட்சியாக முதலிலேயே வாக்குக் கொடுத்துவிடுகிறேன்: இப்போது நான் சொல்லப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நீங்களும் சேர்த்துத்தான். நம்பாமல் இருப்பதற்கு உங்களுக்கு மட்டும் ஒரு வசதி கூடுதல். நீங்கள் போய்ச் சேர்ந்து பதினாறு நாள் ஆகிறது.

நேற்று நம் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு இரங்கல் கூட்டம் போட்டார்கள். வாசலிலேயே சம்பங்கியும் சந்தனமும் மூக்கைப் பிடித்து இழுத்தன. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் ஒரு சிப்பி இருந்தது. விரல் நீளம், சுருள் சுருளாக, உச்சியில் நூல் கோர்க்கிற ஓட்டை. எந்தச் சிப்பி என்று உங்களுக்குத் தெரியும். ஆறு வருஷமாக அது என் சட்டைப் பையில்தான் குடியிருக்கிறது. சட்டை மாறும், சிப்பி மாறாது. மேடையில் உங்களை ஒரு வார்த்தை புகழ்ந்தால் இங்கே அது நெஞ்சில் ஒரு குத்துக் குத்தியது. கூட்டம் முடிவதற்குள் என் நெஞ்சில் மாவு சலித்திருக்கலாம்.

மாலை போட உங்கள் படம் தனியாக ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. நீங்கள் வந்த வருஷம் எல்லோரும் சேர்ந்து பிடித்த குரூப் போட்டோவை எடுத்து நாற்காலியில் வைத்தார்கள். அதில் நீங்கள் ஓரத்தில், கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். நடுவில் உட்கார்ந்திருப்பவர் பள்ளிக்கூடத்துக் காரியதரிசி, பருத்தி மண்டிக்காரர், இடம் கொடுத்த புண்ணியவான். போட்ட மாலை சரியாக அவர் கழுத்தில்தான் விழுந்தது. மனிதர் உயிரோடு பக்கத்தில் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிஷம் மட்டும் எனக்கு மனசு நிறைந்தது.

அப்புறம் அவர் பேசினார். "ஒவ்வொரு மாணவியிடமும் மறைந்துகிடந்த தனித்திறமையைக் கண்டெடுத்து, நீர் ஊற்றி வளர்த்த உத்தமி" என்றார். எனக்கு வந்த கோபத்தில் யாராவது என் உச்சந்தலையில் ஒரு பானையை வைத்திருந்தால் அரைப்படி அரிசி பொங்கி வழிந்திருக்கும். முன் பெஞ்சுக்காரர்கள் விசிறி கேட்டார்கள். புழுக்கம் என்று நினைத்திருப்பார்கள். அது நான்.

ஆனால் டீச்சர், அவர்மேல் இருப்பது சில்லறைக் கோபம். பெரிய கோபம் உங்கள்மேல். அது ஏன் என்று எனக்கே கூட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். கதை விடுகிறவனுக்கும் ஒரு முறை உண்டு.

நீங்கள் வருவதற்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தில் கிளி ஆட்சி நடந்தது. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் தையல். அறுபது பெண்கள், அறுபது தலையணை உறை, அறுபது பச்சைக் கிளி. எல்லாக் கிளியும் ஒரே பக்கம் பார்க்கும், எல்லாக் கிளி வாயிலும் ஒரே மாம்பழம். பெரம்பலூர் முதல் மீன்சுருட்டி வரை எந்தக் கல்யாண வீட்டில் போய்ப் படுத்தாலும் அந்தக் கிளி காதுக்குள் கொத்தும். காரியதரிசிக்கு அதில் தனிப் பெருமை. "நம்ம பிள்ளைங்க தையல்ல எது யாரோடதுன்னு கண்டுபிடிக்க முடியாது" என்பார். அதைப் போய் ஒரு மனிதர் பெருமையாகச் சொன்னார்.

நீங்கள் வந்த வருஷம் யுத்தம். சீமெண்ணெய் கிடையாது, காகிதம் கிடையாது, நூலும் கிடையாது. நூல் இல்லை என்பதையே சாக்காக வைத்துக்கொண்டு நீங்கள் கிளியைப் பறக்கவிட்டீர்கள். "கிளி போடப் பிடிச்சவ போடட்டுங்க. மத்தவங்க அவங்கவங்களுக்குப் புடிச்சதச் செய்யட்டும்" என்று காரியதரிசியிடம் சொன்னீர்களாம். "பொம்பளப் புள்ளைக்குப் புடிச்சதுன்னு தனியா என்னம்மா இருக்கு?" என்று அவர் கேட்டாராம். "அதத்தாங்க பாக்கணும்" என்றீர்களாம்.

எப்படிப் பார்த்தீர்கள் என்பது இந்த ஜில்லாவுக்கே தெரியும். எந்தப் பெண்ணையும் கூப்பிட்டு உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கவில்லை. இரண்டு மாதம் சாப்பாட்டு வேளையில் புளியமரத்தடியில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றீர்கள். யாரும் பார்க்காதபோது எந்தக் கை என்ன செய்கிறது என்று பார்த்தீர்கள். கொண்டை ஊசியால் டிபன் பெட்டிப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தவளுக்கு ஸ்கூலில் துருப்பிடித்துக் கிடந்த பூட்டையெல்லாம் அள்ளிக் கொடுத்தீர்கள். வாய் மூடாத ஒருத்தியைக் கிணற்றடியில் நிறுத்திப் பேப்பரில் வந்த யுத்தச் செய்தியைத் தண்ணீர் எடுக்க வரும் பெண்களுக்கு வாசிக்கச் சொன்னீர்கள். ரஷ்யாவில் பனி கொட்டியதை அவள் வாசித்த விதத்தில் சித்திரை மாதத்தில் நம் ஊர்ப் பெண்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு குடம் தூக்கிப் போனார்கள். களைபறிக்கக் கூலிக்குப் போகும் வீட்டிலிருந்து வந்த ஒரு பெண், மாட்டின் நடையைப் பார்த்தே அதற்கு என்ன நோவு என்று சொல்வாள். மாட்டு டாக்டர் வந்தபோது அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நிறுத்தினீர்கள். அவளை எட்டி நிற்கச் சொன்ன ஆட்களையும் நீங்கள் ஒரு பார்வை பார்த்தீர்கள். அப்புறம் அவர்கள்தான் எட்டி நின்றார்கள்.

எங்கள் செசிலி கல் பொறுக்குகிறவள். என் அக்காள் மகள், அப்போது பதின்மூன்று வயது, மூன்றாம் பாரம். மழை பெய்து ஓய்ந்தால் எங்கள் கொல்லைக் காட்டில் ஓடைக்கரை அரித்து உள்ளே கிடக்கும் கல் வெளியே வரும். சிப்பி மாதிரி ஒரு கல், ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட ஒரு கல், துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு கல். ஏர் ஓட்டும்போது கொழுவில் இடறும், எடுத்து வரப்பில் எறிவோம். அவள் மட்டும் எறியமாட்டாள். பாவாடை மடி நிறைய வீட்டுக்குக் கொண்டுவருவாள்.

"மாமா, கல்லு எப்படி சிப்பி மாதிரி இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"சிப்பிதான் கல்லாயிடுச்சு. இங்கதான் கடல் இருந்துச்சு" என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அப்ப இப்ப எங்க மாமா?"

"ஒரு நாள் ஏர் ஓட்டிட்டு வந்தேன். தாகம். குடிச்சிட்டேன்."

"கடல் பூராவுமா?"

"கடைசில ரெண்டு செம்பு மிச்சம் வச்சேன். அத உங்கம்மா கொழம்புல ஊத்திட்டா."

அவள் சிரிக்கவில்லை. கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கடல் இருந்துச்சுன்னா கெணத்துத் தண்ணி ஏன் மாமா கரிக்கல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மறுநாள் அதை உங்கள் வகுப்பில் வந்து கேட்டிருக்கிறாள்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். பிள்ளைக்குப் பொய் சொல்லிக் கொடுத்ததற்குத் திட்டு விழும் என்று தலைக்கு எண்ணெய் தடவி, வேட்டி மாற்றி, அடக்கமாக வந்து நின்றேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்து, "நீங்கதான் கடலக் குடிச்சவரா?" என்று கேட்டீர்கள்.

"ஆமாங்க."

"குடிச்சு எத்தன வருஷம் இருக்கும்?"

"ஒரு இருவது வருஷம் இருக்குங்க."

"கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க. கோடிக் கணக்குல வருஷம் ஆச்சு. மத்தபடி நீங்க சொன்னது நெசம். இங்க கடல் இருந்துச்சு" என்றீர்கள்.

என் வாழ்க்கையில் என்னைப் பொய்யில் ஜெயித்தவர் அதுவரை யாரும் இல்லை. மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு காலேஜில் நீங்கள் படித்த தடிப் புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினீர்கள். ஆட்டுக்கொம்புக் கல் அச்சாக அப்படியே இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் கஷ்டப்பட்டுக் கட்டிய பொய்யைக் கடவுள் முன்னமே செய்து வைத்துவிட்டால் ஒரு மனிதன் எப்படித் தொழில் நடத்துவது?

அன்றைக்கு என்னிடம் ஒரு வேலை கொடுத்தீர்கள். சனிக்கிழமை சனிக்கிழமை செசிலியை வண்டி கட்டிக் கொல்லைக்குக் கூட்டிப்போகவேண்டும், மண்வெட்டி பிடிக்கவேண்டும், வாயை மட்டும் திறக்கக்கூடாது. "தெரிஞ்சாலும் சொல்லிடாதீங்க. சொல்லிட்டா அவ வூட்டுக்குப் போயிடுவா. சொல்லலன்னா மறுபடி கொல்லைக்குப் போவா" என்றீர்கள். அந்தப் பேச்சை நான் செசிலிக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டேன். அங்கேதான் ஏமாந்தேன்.

அவள் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சீட்டு எழுதினாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கிழித்து, எந்த ஓடை, எத்தனையாவது வளைவு, எவ்வளவு ஆழம் என்று குட்டிக் குட்டி எழுத்தில். கல்லுக்குத் தான் வைத்த பெயரைக் கடைசியில்தான் எழுதுவாள். "எடந்தான் மாமா முக்கியம். பேரு அப்பறம் மாத்திக்கலாம்" என்பாள். இதற்கிடையில் அவள் அப்பா, என் மச்சான், வரதராஜன்பேட்டையில் முந்திரித்தோப்பு உள்ள ஒரு வீட்டில் அவளுக்குக் கல்யாணப் பேச்சைப் போட்டு வைத்திருந்தார். "கல்லு பொறுக்கத்தான் பள்ளிக்கூடம்னா அத முந்திரித் தோப்புல பொறுக்கட்டும்" என்பது அவர் கட்சி. நீங்கள் நடந்தே வீட்டுக்கு வந்து அவரிடம் பேசினீர்கள். தை மாதம் இன்ஸ்பெக்டர் அம்மா பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வரும்போது மச்சானும் வந்து பார்க்கவேண்டும், அந்த அம்மா நல்லபடியாகச் சொன்னால் நாலாம் பாரம், இல்லையென்றால் கல்யாணம் என்று பேசி முடித்தீர்கள். செசிலி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனிமேல்தான் நான் வருகிறேன்.

அந்த வருஷம் நான் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்துபோனேன். கடற்கரையில் சிப்பி மாலை விற்றார்கள். ஒன்று வாங்கினேன். அக்காளுக்கு மாலையைக் கொடுப்பதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு சிப்பியை மட்டும் அறுத்து எடுத்தேன். ஏன் என்று கேட்டால் அன்று எனக்குப் பதில் தெரியாது. இப்போது தெரியும். கடல் இருந்தது என்று நான் சொன்னபோது அது பொய். நீங்கள் சொன்னபோது அது பாடம். என் கடலை நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். எனக்கென்று அதில் ஒரு பொய்யாவது மிஞ்சவேண்டும் என்று ஒரு குறுகுறுப்பு. ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அதைக் கொல்லையில் புதைத்துவிட்டு, செசிலியை அந்தப் பக்கமாகத் தோண்டவிட்டேன். அவள் எடுத்தாள். வெயிலில் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் மடியில் போட்டுக்கொண்டாள். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று சிரித்த சிரிப்பில் மரம் மூன்று அங்குலம் சாய்ந்தது. இன்றும் சாய்ந்துதான் நிற்கிறது, வந்து பார்க்கலாம்.

அதற்கப்புறம் நீங்கள் என்னை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான். "உங்க கடல்ல புதுசா ஏதாவது கெடச்சுதா?" நான் திமிங்கலத்தின் தாடையைக் கலப்பையாகக் கட்டி ஓட்டிய கதையைச் சொல்வேன். கடைசிவரை கேட்பீர்கள். "அப்பறம்?" என்பீர்கள். அப்புறம் ஒன்றும் இல்லை என்பேன். "சரி, இருந்தா வந்து சொல்லுங்க" என்று குடையை எடுத்துக்கொண்டு போவீர்கள். இன்ஸ்பெக்டர் அம்மா வருவதற்கு முதல் நாள் சாயங்காலம்கூடக் கேட்டீர்கள். அரும்பாவூர்ப் பக்கம் புலியைக் குடையால் அடித்துத் துரத்திய கதையைச் சொன்னேன். அன்று மட்டும் நீங்கள் "அப்பறம்?" என்று இரண்டு தடவை கேட்டீர்கள்.

மறுநாள் கூடத்தில் பெஞ்சு பெஞ்சாகப் பெண்கள் செய்தது எல்லாம் அடுக்கியிருந்தது. செசிலியின் பெஞ்சில் வெள்ளைத் துணி, அதன்மேல் கல்லும் சீட்டும். அவளுக்குப் பின்னால் மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் அம்மா கெட்டவர் இல்லை. ஆட்டுக்கொம்புக் கல்லைக் கையில் வாங்கி, "இது எங்கம்மா கெடச்சது?" என்று கேட்டார்.

"தெக்கு ஓடைங்க, மூணாவது வளைவு, மொழங்கால் ஆழம்."

"எப்படி எடுத்த?"

"மம்புட்டியால இல்லைங்க. ஈரத்துணி போட்டு ரெண்டு நாள் வச்சு, அப்பறம் குச்சியால."

அந்த அம்மா திரும்பி உங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மச்சான் கட்டிய கையை அவிழ்த்தார். கல்யாணம் அந்த நிமிஷம் வரதராஜன்பேட்டைக்குத் திரும்பிப் போக வண்டி ஏறிவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் அந்த அம்மாவின் விரல் சிப்பியில் பட்டது.

"இது?"

செசிலி வாய் திறக்கவில்லை. சீட்டில் "எங்கள் கொல்லை, தென்கிழக்கு மூலை, ஒரு சாண் ஆழம்" என்று இருந்தது. பெயர் எழுதவேண்டிய இடம் காலி.

"நான் பொறந்தது நாகப்பட்டணம். இத நான் பாவாட கட்டுன வயசுல கழுத்துல போட்டிருக்கேன். ஓட்ட போட்டு விக்கிற சிப்பி. இத யார் இங்க வச்சது?" என்று கேட்டார். காரியதரிசி முன்னால் வந்து, "அப்ப இத்தன நாளும் ஏமாத்து வேலையா நடந்திருக்கு?" என்றார். மச்சானின் கை மறுபடி கட்டிக்கொண்டது.

நீங்கள் முதலில் என்னைப் பார்த்தீர்கள், டீச்சர். ஒரு பனங்கொட்டை முளைத்து, மரமாகி, காய்த்து, பட்டுப்போகும் நேரம் பார்த்தீர்கள். ஊரில் ஓயாத வாய் என்று பேர் வாங்கிய வாய் எனக்கு. அது அன்று திறக்கவில்லை. காலில் ஏதோ ஊர்கிறது என்று குனிந்து பார்த்தேன். ஒன்றும் ஊரவில்லை.

"பிள்ளை மேல தப்பில்லீங்க. பெட்டி நெறைவா இருக்கட்டும்னு நான்தான் வச்சேன். சீட்டும் நான் சொல்லித்தான் எழுதுனா" என்றீர்கள். மழை வருமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்கிற குரலில்.

இன்ஸ்பெக்டர் அம்மா சிப்பியை எடுத்துப் பெஞ்சு ஓரத்தில் தனியாக வைத்தார். பிறகு மச்சானிடம், "மத்தக் கல்லெல்லாம் நெசம். உங்க பொண்ணு கெட்டிக்காரி, நிறுத்திடாதீங்க" என்றார். காரியதரிசியிடம், "டீச்சரம்மாவப் பத்தி நான் எழுதித்தான் ஆகணும்" என்றார். மாத முடிவில் உங்களை ராஜினாமா எழுதச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குக் கிளி திரும்பி வந்தது. அப்போது புதிதாகத் தையல் கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். செசிலியின் கல்லையெல்லாம் கூடையில் அள்ளி அதன் அஸ்திவாரத்தில் கொட்டினார் காரியதரிசி. கோடி வருஷத்துக் கடல் அங்கே கிடக்கிறது, மேலே அறுபது கிளி உட்கார்ந்திருக்கிறது. நினைத்தால் எனக்கு இன்றும் அந்தக் கூடத்தை ஒற்றைக் கையால் பெயர்த்து மருதையாற்றில் வீசவேண்டும்போல இருக்கிறது.

நான் சும்மா இருந்துவிடவில்லை. ஒரு வாரம் கழித்துப் பருத்தி மண்டிக்குப் போய்க் காரியதரிசி முன்னால் நின்றேன். "அந்தச் சிப்பிய வச்சது நானுங்க" என்றேன். என் ஆயுளில் அலங்காரம் இல்லாமல் நான் பேசிய முதல் வாக்கியம் அது.

அவர் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார். "இங்க வாய்யா, இவன் சொல்றதக் கேளு. போன மாசம் புலி, இந்த மாசம் சிப்பி."

"சத்தியமாங்க."

"புலிக்குந்தான் சத்தியம் பண்ணுன. டீச்சரம்மாவக் காப்பாத்தணும்னு ஒனக்கு நல்ல மனசு. போயிட்டு வா. போறப்ப ஒரு மூட்டையத் தூக்கி வண்டில வச்சிட்டுப் போ, நீதான் மலையையே தூக்குறவனாச்சே."

மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு வந்தேன். மச்சானிடம் சொன்னேன், சிரித்தார். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பொய் சொன்னதற்கு மூன்று தடவை அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். எந்தப் பொய்க்கு என்று நான் கேட்கவில்லை.

உங்களிடம் மட்டும் சொல்லவில்லை. நீங்கள் நம்பிவிடுவீர்கள் என்று பயம்.

நீங்கள் ஊரைவிட்டுப் போன நாள், பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓட்டிக்கொண்டிருந்த கரி பஸ் கிளம்பமாட்டேன் என்றது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் வைத்தீர்கள். பிரிக்காமலே தெரிந்துவிட்டது.

"இது உங்களோடதுதானே?" என்றீர்கள்.

கண்டக்டர் எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னான். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீச்சர், நீங்க எறங்க வேணாம். இந்த பஸ்ஸ நான் ஒருத்தனே திருச்சிவரைக்கும் தள்ளிட்டுப் போயிடுவேன்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அது சிரிப்பில்லை என்று இன்று புரிகிறது. பிறகு நான் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். உங்களை அனுப்பிய பஸ்ஸைத் தள்ளியவனும் நானே. முகத்தில் அப்பிய கரி போக மூன்று நாள் ஆயிற்று. இதில் மிகை இல்லை, கரிப்புகை அப்படித்தான்.

நேற்றுக் கூட்டத்துக்குச் செசிலி திருச்சியிலிருந்து வந்திருந்தாள். காலேஜில் படிக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு ஒரு தலையணை உறை தைத்துக் கொடுத்திருக்கிறாள். அதில் கிளி வாயில் மாம்பழம் இருக்கவேண்டிய இடத்தில் ஆட்டுக்கொம்புக் கல் இருக்கும். கூட்டம் முடிந்து தையல் கூடத்துப் படியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சட்டப் பையில என்ன மாமா?"

"பொடி டப்பா."

"பொடி டப்பா குத்துமா? கூட்டம் பூரா நெஞ்சத் தடவிக்கிட்டே இருந்தீங்க."

எடுத்துக் கொடுத்தேன். நேராக ஓட்டையைத்தான் பார்த்தாள். "இன்னும் வச்சிருக்கீங்களா?" என்றாள். பிறகு, "எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா" என்றாள்.

"என்னிக்கு?"

"எடுத்த அன்னிக்கே. மத்தக் கல்லெல்லாம் எடுக்க ரெண்டு நாள் ஆவுது, இது வெரல வச்சா வருது. மேல மண்ண வேற கொழுக்கட்ட மாதிரி தட்டி வச்சிருந்தீங்க."

"அப்பவே ஏண்டி கேக்கல?"

"நீங்க மரத்துக்குப் பின்னால வாயப் பொத்திக்கிட்டு நின்னீங்க. அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. மறுநாள் டீச்சர்கிட்ட காட்டி, 'மாமா வச்சதுங்க, தூக்கிப் போட்டுடவா'ன்னு கேட்டேன். 'இருக்கட்டும், அவரே வந்து சொல்லட்டும்'னாங்க. கெடச்ச எடத்த மட்டும் எழுது, பேரு எழுதாதேன்னாங்க. பொய் ஒண்ணும் எழுதலையே மாமா. அங்கதான கெடச்சுது."

 அவள் சிப்பியை என் கையில் திருப்பி வைத்தாள்.

"அன்னிக்குக் கூடத்துல நானும் சொல்லல மாமா. அப்பா பின்னால நின்னாங்க. வாயத் தொறந்தா நாலாம் பாரம் போயிடும்னு இருந்துச்சு. டீச்சருக்குக் கடுதாசி எழுதி மன்னிப்புக் கேட்டேன். 'நீ சின்னப் பிள்ள. உங்க மாமாவத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன்'னு பதில் போட்டாங்க."

அதனால்தான் இந்தக் கோபம். நியாயம் சொல்லுங்கள். அறுபது பெண்களுக்கு நடுவில் என்னையும் ஒரு பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டீர்களே, சேர்த்தவர் ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா? என் கையில் இருந்த ஒரே வித்தை கதை விடுவது. அதை நிறுத்து என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. முடிக்கிற இடத்தில் ஒரு நிஜத்தை வைக்கக் கற்றுக்கொள்கிறானா என்று பார்த்துக்கொண்டு நின்றீர்கள், புளியமரத்தடியில் நின்ற மாதிரி. என்னை அதட்டியிருக்கலாம். எல்லார் முன்னாலும் காட்டிக்கொடுத்திருக்கலாம். அந்தச் சாயங்காலம் குடையால் நாலு போட்டிருந்தால்கூட மறுநாள் காலையில் சொல்லியிருப்பேன், நீங்கள் இதே ஊரில் இருந்திருப்பீர்கள், இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமைகள் இருந்திருக்கும், எத்தனை பெண்களுக்கு. ஒரு முட்டாளுக்காக அத்தனையையும் விட்டுவிட்டுப் போனீர்கள். அதற்கப்புறமும் காத்துக்கொண்டிருந்தீர்களாம். ஆறு வருஷம். ஒரு தபால் கார்டில் முடிந்திருக்கும். நான் பஸ் தள்ளிய கதையை அதற்குள் நானூறு பேரிடம் சொல்லிவிட்டேன்.

சரி. இப்போது கேளுங்கள். அரிசி பொங்கியிருக்கும் என்றது பொய். மரம் சாய்ந்தது பொய், அது முளைத்ததே சாய்ந்துதான். திமிங்கலம், புலி இரண்டும் பொய். கடலை நான் குடிக்கவில்லை. கடல் இருந்தது நிஜம், ஆனால் அது நீங்கள் காட்டிய நிஜம், அதை என் கணக்கில் எடுத்துக்கொள்ளமாட்டேன். என்னுடையது இவ்வளவு பெரிய கதையில் விரல் நீளம்தான். செசிலி எழுதுகிற மாதிரியே எழுதிவிடுகிறேன்: எங்கள் கொல்லை, தென்கிழக்கு மூலை, வேப்பமரத்திலிருந்து பதினோரு எட்டு, ஒரு சாண் ஆழம். அந்தச் சிப்பியைப் புதைத்தது நான்.

அது மட்டும் நிஜம், டீச்சர்.